எந்தச் சன்னலில் தமிழ் தெரிந்தது?
(இணைய உலாவிகளின் வரலாறு)



பரிசளிப்பு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றவுடன் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பையோ பூஜாங் பள்ளத்தாக்கையோ எதிர்பார்த்திருப்பீர்கள். அவை நம் கெடா மண்ணின் பெருமைகள். எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆயினும் இம்முறை நம் எல்லார் கையிலும் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளின் வரலாற்றை எழுதத் துணிந்தேன். அதற்குக் காரணம், ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் சொன்ன பதில்.

"இணையம் என்றால் என்ன?" என்று கேட்டேன். முதலில் கை தூக்கியவன் எழுந்து, "குரோம்தான் டீச்சர்!" என்றான். வகுப்பில் ஒருவரும் மறுக்கவில்லை. கைப்பேசியில் அந்த வண்ண வட்டத்தைத் தட்டினால் எல்லாம் வருகிறது. ஆகவே அதுதான் இணையம். பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. பெரியவர்களைக் கேட்டாலும் பாதிப்பேர் அதைத்தான் சொல்வார்கள்.

அன்றிரவு என் தாத்தா சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. அவர் பால்வெட்டிய காலத்தில் தோட்டத்துக்குக் கடை ஒன்றுதான். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். வாங்கியதை 555 புத்தகத்தில் எழுதி வைத்து, சம்பள நாளில் கழித்துக் கொள்வார்கள். விலை நியாயமா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடை வேண்டுமே! பீடோங் பட்டணத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வந்தவர்களுக்குத்தான் அங்கே விலை வேறு என்பது தெரிந்ததாம். இந்தக் கடைக் கதையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். இனி நான் சொல்லப் போவதும் ஏறக்குறைய அதே கதைதான்.

உலாவி என்பது யாது?

இணையம் என்பது உலகத்துக் கணினிகளை எல்லாம் இணைக்கும் சாலை. அந்தச் சாலையில் போய், எங்கோ ஒரு கணினியில் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்கி வந்து, நம் கண்ணுக்குத் தெரியும்படி திரையில் வரைந்து காட்டும் கருவிதான் உலாவி. சாலை வேறு, சன்னல் வேறு. குரோம் ஒரு சன்னல். ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி, ஓப்பரா என்று வேறு சன்னல்களும் உண்டு.

'வரைந்து காட்டும்' என்றேன் அல்லவா? அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். யூனிகோடு என்னும் உலகப் பொது ஏற்பாட்டில் நம்முடைய 'க' எழுத்தின் எண் 2965. அந்த எண் வந்தால் 'க' வரைய வேண்டும் என்று கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'கொ' என்று வந்தாலோ, கொம்பை முன்னால் போட்டு, 'க'வை நடுவில் வைத்து, காலைப் பின்னால் போட வேண்டும். இது தெரியாத கணினி வெறும் கட்டங்களைக் காட்டும்; அரைகுறையாகத் தெரிந்ததோ கொம்பை ஒரு பக்கமும் எழுத்தை ஒரு பக்கமும் சிதற விடும். ஆகவே தமிழர்களுக்கு உலாவிகளின் வரலாறு என்பது, எந்தச் சன்னலில் நம் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது என்னும் வரலாறே.

ஜெனீவாவில் திறந்த முதல் சன்னல்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரருகே செர்ன் என்னும் அணு ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், ஆய்வாளர்கள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்து கொள்வதற்காக 1989-இல் ஒரு திட்டம் தீட்டினார். 1990-இன் கடைசியில் முதல் உலாவியைத் தாமே எழுதி முடித்தார். 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் நிலையம் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே விட்டுக் கொடுத்தது. அந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் இன்று ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டணம் கட்டிக் கொண்டிருப்போமோ என்னவோ!

அதே 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்டிரீசன், எரிக் பினா என்னும் இருவர் மொசைக் என்ற உலாவியை உருவாக்கினர். எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியதால் அது பாமர மக்களையும் கவர்ந்தது. ஆண்டிரீசன் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, பங்காளி ஒருவருடன் நிறுவனம் தொடங்கி, 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டரை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்கு இணையத்தில் அதுவே ராஜா. நம் நாட்டில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் சேவை 1992-இல் தொடங்கியிருந்தது. 1996-இல் டிஎம்நெட்டும் வந்தது. அதே 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பின்னாளில் அங்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனதை நீங்கள் அறிவீர்கள்.

ஒரே கடை ஆன கதை

நெட்ஸ்கேப்பின் வெற்றியைக் கண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் விழித்துக் கொண்டது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்த கையோடு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்னும் உலாவியைக் கொண்டு வந்தது. பிறகு அதை விண்டோஸோடு சேர்த்தே இலவசமாகக் கொடுத்தது. கணினி வாங்கினால் உலாவி அதற்குள்ளேயே இருக்கிறது; வேறொன்றை ஏன் தேட வேண்டும்? நெட்ஸ்கேப் சரிந்தது. அமெரிக்க அரசு 1998-இல் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசாப்ட் தன் ஆதிக்கத்தைச் சட்டத்துக்குப் புறம்பான வழியில் காத்துக் கொண்டது என்று 2000-இல் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பின் முக்கியப் பகுதியை உறுதி செய்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும் உத்தரவை மட்டும் தள்ளிவிட்டது. அதற்குள் நெட்ஸ்கேப்பின் கதை முடிந்து போயிருந்தது.

போட்டி ஒழிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? எக்ஸ்புளோரரின் 6-ஆம் பதிப்பு 2001-இல் வந்தது. 7-ஆம் பதிப்பு வருவதற்கு 2006 ஆயிற்று. ஐந்து ஆண்டுகள்! எதிர்க்கடை இல்லாதபோது சரக்கைப் புதுப்பிக்க என்ன அவசரம்? தாத்தாவின் தோட்டத்துக் கடைதான் இது.

தமிழ் உள்ளே வந்த விதம்

இந்தச் சண்டைகளுக்கு நடுவே நம் தமிழ் எப்படிச் சன்னலில் ஏறியது? யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை, நம்மவர்கள் உழைத்தார்கள்.

சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால், 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்மொழிக் கவிதைத் திட்டத்தில் தமிழ்க் கவிதைகளும் இணையத்தில் ஏறின. தமிழ் இணையத்தின் தொடக்கமாக அது போற்றப்படுகிறது. அவர் 1999-இல் காலமானார். நம் மலேசியரான முத்து நெடுமாறன், 1980-களிலேயே கணினியில் தமிழ் எழுதும் முரசு மென்பொருளைப் படைத்தவர். பின்னர் முரசு அஞ்சல் வழியாகத் தமிழ் மின்னஞ்சலுக்கும், 2005-இல் செல்லினம் வழியாகக் கைப்பேசித் தமிழுக்கும் வழி திறந்தார். 2001-இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடியது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவையும் ஓர் எண்முறையையும் வைத்திருந்தது. ஒன்றைப் படிக்க ஓர் எழுத்துருவை இறக்க வேண்டும். அடுத்ததைப் படிக்க இன்னொன்று. 1997-இல் நெட்ஸ்கேப்பும் எக்ஸ்புளோரரும் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வசதியைக் கொண்டு வந்தன. ஆனால் நெட்ஸ்கேப்பின் முறை வேறு, எக்ஸ்புளோரரின் முறை வேறு! ஒன்றுக்கென்று செய்த பக்கம் மற்றொன்றில் குப்பையாகத் தெரியும். யானைகள் சண்டையிட்டால் புல்தானே மிதிபடும்?

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகே அது நம் கணினித் திரைக்கு எட்டியது. அடுத்து வந்த எக்ஸ்பியிலும் தமிழ் தானாகத் தெரியாது. அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்து முறைகளுக்கான வசதியைத் தனியே நிறுவ வேண்டும்.

இதை நான் நேரில் பட்டிருக்கிறேன். இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது, சனிக்கிழமைகளில் பேருந்து ஏறிச் சுங்கைப் பட்டாணியில் ஒரு சைபர் கஃபேக்குப் போவோம். நீல நிற 'இ' எழுத்துப் படத்தைத் தட்டித் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்கள்தான். பக்கத்து இருக்கைப் பையன் எட்டிப் பார்த்து, "உங்க பாஷைக்கு எழுத்தே இல்லையா?" என்று மலாய் மொழியில் கேட்டான். அவன் கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஐயம். ஆனால் என் முகம் சுருங்கிப் போயிற்று. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் படைத்த மொழிக்கா எழுத்து இல்லை? குறை மொழியிலா? சன்னலில் அல்லவா குறை!

நரியும் ஓப்பராவும்

தோற்றுப் போன நெட்ஸ்கேப் ஒரு நல்ல காரியம் செய்தது. 1998 மார்ச் 31-இல் தன் நிரலை எல்லாருக்கும் திறந்து விட்டது. அந்த விதையிலிருந்து மொசில்லா இயக்கம் முளைத்தது. 2003-இல் இலாப நோக்கமற்ற அறக்கட்டளையாயிற்று. 2004 நவம்பர் 9-இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளிவந்தது. அதன் படத்தில் உலகைச் சுற்றிப் படுத்திருப்பதை இன்று எல்லாரும் நரி என்றே சொல்கிறோம். எதிர்க்கடை திறந்ததும் எக்ஸ்புளோரரும் தூக்கம் கலைந்தது.

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸிலும் தமிழுக்குச் சோதனை இருந்தது. பக்கத்தின் இரு ஓரமும் நேராக அமையும்படி வரிகளைச் சீர்செய்திருந்தால், விண்டோஸில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். தமிழில் எழுதுவோர் "வரிகளை அப்படிச் சீர்செய்யாதீர்கள்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்வார்கள். 2008 ஜூன் 17-இல் வந்த 3-ஆம் பதிப்பில் அந்தக் குறை தீர்ந்தது. அந்தப் பதிப்பை ஒரே நாளில் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவிறக்கி, கின்னஸ் சாதனையும் ஆயிற்று.

கைப்பேசியில் தமிழ் படித்த கதை இன்னும் சுவையானது. நார்வே நாட்டு ஓப்பரா நிறுவனம் ஓப்பரா மினி என்னும் சிறிய உலாவியை 2006-இல் உலகெங்கும் வெளியிட்டது. நாம் கேட்கும் பக்கத்தை அது முதலில் தன் சொந்தக் கணினிக்கு வரவழைத்து, சுருக்கி, பிறகு நமக்கு அனுப்பும். பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியிலும் ஓடும். அதன் முகவரிப் பட்டியில் 'ஓப்பரா' என்றும், ஒரு முக்காற்புள்ளியும், 'கான்பிக்' என்றும் ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் இரகசிய அறை திறக்கும். அங்கே கடைசியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டட்டுமா என்று ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்று வைத்தால் போதும். தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசியிலும் தமிழ் தெரியும்! எழுத்தைப் படமாக்கி அனுப்பி விடுவார்கள். பயிற்சிக் கல்லூரி விடுதியில் ஒரு தோழி இந்த வித்தையைச் சொல்லித் தந்த இரவு, விளக்கணைத்த பிறகும் போர்வைக்குள் தமிழ் படித்துக் கொண்டிருந்தேன். சைபர் கஃபேயில் சுருங்கிய முகம் அன்றுதான் மலர்ந்தது.

மதுரையில் பிறந்தவரும் குரோமும்

2008 செப்டம்பர் 2-இல் கூகிள் நிறுவனம் குரோமை வெளியிட்டது. அந்தப் பணிக்குத் தலைமை ஏற்றவர்களில் முதன்மையானவர் சுந்தர் பிச்சை. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த தமிழர். 2015-இல் கூகிளின் தலைமைச் செயல் அதிகாரியானார். மாணவர்களே, இதை நினைத்துப் பெருமைப்படுங்கள்; உழைத்தால் நீங்களும் உயரலாம்.

குரோம் வேகமாக இருந்தது. ஒரு பக்கம் முடங்கினாலும் மற்றப் பக்கங்கள் முடங்காமல் நின்றன. 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0-இலிருந்து தமிழ் எழுத்துருவும் கைப்பேசிக்குள்ளேயே வரத் தொடங்கியது. 2012-இல் அதில் குரோமும் ஏறியது. இரகசிய அறை எதுவும் திறக்காமலே தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து தமிழ் படிக்கும் காலம் பிறந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கல்வி அமைச்சின் டெலிமா தளத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் குரோமில்தான் திறந்தார்கள். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகள் நம் தோட்டத்தில் எத்தனை! அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் கடைக் கதை திரும்பி வந்திருக்கிறது. இன்று உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பயன்பாடு குரோம் வழியாகவே நடக்கிறது. ஓப்பரா 2013-இலும், மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020-இலும் தங்கள் சொந்த இயந்திரத்தைக் கழற்றி விட்டுக் குரோமின் இயந்திரத்தையே பொருத்திக் கொண்டன. பெயர்ப்பலகை வேறு; சரக்கு வருவது ஒரே கிடங்கிலிருந்து. பழைய எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றது. 2024-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, தேடும் சேவையில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகம் காத்தது என்று தீர்ப்பளித்தது. குரோமை விற்க வேண்டும் என்ற கோரிக்கையை 2025 செப்டம்பரில் ஏற்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்போமா?

பட்டணத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய் விலை பார்த்து வந்தவர்களைப் போல, நாமும் பார்ப்போம்.

குரோம்: வேகம், பள்ளிக் கணக்கோடு ஒட்டிய வசதி. கூகிளின் ஃபேமிலி லிங்க் மூலம் பிள்ளைகள் திறக்கும் தளங்களைப் பெற்றோர் கட்டுப்படுத்தலாம். குறை என்னவென்றால், இதைத் தருவது விளம்பரத்தால் வாழும் நிறுவனம். நம் நடமாட்டத்தை அறிவதில் அதற்கு ஆதாயம் உண்டு. 'மறைநிலை' என்று திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. நம் கைப்பேசியில் சுவடு தங்காது, அவ்வளவே. போகும் தளத்துக்கும் இணையச் சேவை தருவோருக்கும் தெரியலாம்.

எட்ஜ்: இதிலுள்ள உரக்கப் படிக்கும் வசதி தமிழ்ப் பக்கத்தைக் குரல் கொடுத்துப் படிக்கும். மலேசியத் தமிழுக்கென்றே தனிக் குரல்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியம்மாவுக்குச் செய்தியொன்றைப் போட்டுக் காட்டினேன். முடியும்வரை கேட்டுவிட்டு, "இத்தனை நாளா யாராச்சும் படிச்சுச் சொல்ல மாட்டாங்களான்னு உக்காந்திருந்தேனே!" என்றார். நாற்பது வருடம் பால்வெட்டிய கை அது.

சஃபாரி: ஐபோனோடு வருவது. 2003-இல் ஆப்பிள் தொடங்கியது; சொந்த இயந்திரம் உண்டு. ஆனால் ஆப்பிள் கருவிகளுக்கு மட்டுமே.

ஃபயர்ஃபாக்ஸ்: அறக்கட்டளையின் உடைமை, குரோமின் இயந்திரம் அல்ல, சொந்த இயந்திரம். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் விளம்பரத் தடுப்பானைச் சேர்க்கலாம். வீட்டுப்பாடம் தேடும் பிள்ளை தவறித் தொட்டுச் சூதாட்ட விளம்பரத்துக்குள் போய் விடுகிறது என்று கவலைப்படும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். குறையும் உண்டு: பள்ளித் தளங்கள் சிலவற்றைக் குரோமை மனத்தில் வைத்தே அமைக்கிறார்கள். அன்றியும், மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகிள் தரும் தேடல் ஒப்பந்தப் பணம். எதிர்க்கடைக்காரருக்கே பெரிய கடைதான் முதல் போடுகிறது!

என் தேர்வு

அப்படியானால் டீச்சர் எதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பள்ளி வேலைக்குக் குரோம், அதில் ஒளிவுமறைவில்லை. பாட்டியம்மா போன்றவர்களுக்கு எட்ஜ். ஆனால் என் சொந்த வாசிப்புக்கு, என் மனத்துக்குப் பிடித்தது ஃபயர்ஃபாக்ஸ்தான். அது குறையில்லாதது என்பதற்காக அல்ல. எல்லாக் கடையும் ஒரே கிடங்காக மாறும் காலத்தில் சொந்தக் கிடங்கோடு அது நிற்கிறது என்பதற்காக. ஒரே சன்னல்தான் உலகம் என்று ஆகிவிட்டால், நாளைக்கு அதில் நம் எழுத்து உடைந்து தெரிந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. ஐந்து ஆண்டு தூங்கிய எக்ஸ்புளோரரை நாம் பார்த்தோமே!

பெற்றோர்களே, என் தேர்வையே நீங்களும் பின்பற்ற வேண்டியதில்லை. இன்றிரவு உங்கள் கைப்பேசியில் இரண்டாவதாக ஓர் உலாவியை இறக்குங்கள், காசு கேட்காது. பிள்ளையை அருகில் உட்கார வைத்து, ஒரே தமிழ்ப் பக்கத்தை இரண்டிலும் திறந்து பாருங்கள். எது வேகம், எதில் விளம்பரம் குறைவு, எதில் எழுத்து தெளிவு என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.

வகுப்பிலும் அப்படித்தான் செய்தேன். ஒரே பக்கத்தை மூன்று உலாவிகளில் திறந்து வரிசையாகக் காட்டினேன். 'குரோம்தான் இணையம்' என்று சொன்ன அதே மாணவன் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ எது டீச்சர் நல்லது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். இவ்வாண்டு மேடையேறிப் பரிசு பெறும் செல்வங்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப் போகும் செல்வங்களுக்கும் என் நல்வாழ்த்துகள். ஒப்பிட்டுப் பார்த்துக் கேள்வி கேட்கும் பழக்கம் உங்களோடு வளரட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் தோட்டப் பள்ளி!